வேகக் கணக்கில் அலகு மாற்ற ஐந்து வழிகள்: எந்தக் கணக்குக்கு எது?

என்னிடம் கணக்குப் படிக்கும் மாணவி ஒருத்தி போன வாரம் நோட்டை நீட்டினாள். 180 மீட்டர் நீள ரயில் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகிறது, ஒரு கம்பத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? சூத்திரம் சரியாக இருந்தது. வகுத்தலில் தவறில்லை. விடை மட்டும் 0.69 வினாடி. இரண்டாவது வரியைப் பார்த்ததும் காரணம் புரிந்தது: ‘72 × 18/5 = 259.2 மீ./வி.’ கி.மீ./மணியை மீ./வி. ஆக்க 5/18-ஆல் பெருக்க வேண்டும், அவள் அந்தப் பின்னத்தைத் தலைகீழாகப் போட்டிருந்தாள். காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அந்த நோட்டில் ஓடிய ரயில் ஒலியின் வேகத்தில் முக்கால் பங்கைத் தொட்டிருந்தது.

“5/18-ஆ, 18/5-ஆன்னு எப்பவும் மாறிப் போயிடுது மிஸ். வேற வழி இல்லையா?” என்றாள்.

இருக்கிறது. அவள் பிடித்துக்கொண்டிருக்கும் வழியைத் தவிர இன்னும் நான்கு. போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களும் இதையே கேட்கிறார்கள், பிள்ளைக்குச் சொல்லித்தர உட்காரும் பெற்றோரும் கேட்கிறார்கள். ஆளுக்கொரு வழியைக் காட்டி, இதுதான் நல்லது என்று அடித்துச் சொல்வதால் குழப்பம் கூடுகிறது. அதனால் ஐந்தையும் ஒரே கணக்கில் போட்டுப் பார்த்து, எது எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்று இங்கே எடைபோட்டிருக்கிறேன்.

## தொல்லை எங்கிருந்து வருகிறது

நீளத்தைப் பத்துப் பத்தாக அளக்கிறோம். 1000 மீட்டர் ஒரு கிலோமீட்டர். நேரத்தை அறுபது அறுபதாக அளக்கிறோம். அது பாபிலோனியரின் அறுபதடிமான எண்முறையிலிருந்து வந்த வழக்கம். நீளத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். ஆக, ஒவ்வொரு வேகக் கணக்கிலும் பத்தும் அறுபதும் முட்டிக்கொள்கின்றன.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் நேரத்தையும் பத்தாக்கிப் பார்த்தார்கள். நாளுக்கு 10 மணி, மணிக்கு 100 நிமிடம், நிமிடத்துக்கு 100 வினாடி. 1793-ல் வந்த அந்த ஏற்பாட்டை, மீட்டரைச் சட்டமாக்கிய அதே 1795 ஏப்ரல் சட்டம் நிறுத்திவைத்தது. மீட்டர் நின்றது, பத்து மணிக் கடிகாரம் போய்விட்டது. அது நின்றிருந்தால் மணிக்கு 72 கி.மீ. என்பது வினாடிக்கு 7.2 மீட்டர் என்று புள்ளியை ஓரிடம் நகர்த்தி வேலையை முடித்திருக்கலாம். நமக்கு வாய்த்தது 1000-க்குக் கீழே 3600. அதைச் சுருக்கினால் 5/18. மாணவர்களை ஆட்டிவைக்கும் அந்தப் பின்னம் வேறெங்கிருந்தும் வரவில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: தவறு செய்தால் அந்தத் தவறு தாளிலேயே தெரியுமா? தவறு எல்லாரும் செய்வோம். அதைத் திருத்த வாய்ப்புத் தரும் வழி ஒன்று, மூடி மறைக்கும் வழி ஒன்று என்றால், முதலாவது கொஞ்சம் மெதுவாக இருந்தாலும் அதன் பக்கமே நிற்பேன்.

அடுத்தது, மறந்துபோனால் மீட்டெடுக்க முடியுமா என்பது. தேர்வு அறையில் மனப்பாடம் நழுவும்போது, கையில் இருப்பதை வைத்து அதைத் திரும்பக் கட்ட முடிய வேண்டும்.

மூன்றாவது நேரம். ஒரு கணக்குக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காத தேர்வில் இது சின்ன விஷயமில்லை. நான்காவது, எண்கள் எப்படி வந்து விழுகின்றன என்பது. முடிவில்லாத தசமம் வந்தால் பிழையும் கூடவே வரும். ஐந்தாவது, முன்பின் பார்க்காத அலகு வந்தால் அந்த வழி தாக்குப்பிடிக்குமா என்பது. கடைசி இரண்டையும் பலர் யோசிப்பதே இல்லை, மறைந்திருக்கும் செலவு பெரும்பாலும் அங்கேதான்.

ஒப்பிட எல்லா வழிக்கும் ஒரே கணக்கு:

> 240 மீட்டர் நீள ரயில், 360 மீட்டர் நீள நடைமேடையை 30 வினாடியில் முழுவதுமாகக் கடக்கிறது. அதன் வேகம் மணிக்கு எத்தனை கி.மீ.?

ரயிலின் நீளத்தையும் சேர்த்து, கடக்க வேண்டிய தொலைவு 600 மீட்டர்.

## வழி 1: 5/18 குறுக்குவழி

600 ÷ 30 = 20 மீ./வி. பிறகு 20 × 18/5 = 72. கணக்கு முடிந்தது.

வேகத்தில் இதை அடிக்க இன்னொன்றில்லை. 18-ன் மடங்குகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் பேனாவையே தொட வேண்டாம்: மணிக்கு 18 கி.மீ. என்றால் வினாடிக்கு 5 மீட்டர், 36 என்றால் 10, 54 என்றால் 15, 72 என்றால் 20, 90 என்றால் 25, 108 என்றால் 30. ரயில் கணக்கு அமைப்பவர்கள் இந்த எண்களையே திரும்பத் திரும்ப எடுப்பதற்கும் இதுதான் காரணம்.

இதில் மறைந்திருக்கும் செலவு, பின்னம் தலைகீழானால் எதுவுமே உறுத்தாது என்பது. 72 × 18/5 என்று எழுதினாலும் பெருக்கல் அழகாகத்தான் வரும். எச்சரிக்க அங்கே ஆளில்லை. மாணவியின் ரயில் பறந்ததும் இப்படித்தான்.

திசையை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், ஒரு நங்கூரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். உசைன் போல்ட் 2009-ல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார். சராசரி வினாடிக்கு 10.44 மீட்டர், மணிக்கு மாற்றினால் சுமார் 37.6 கி.மீ. ஆக, வினாடிக்கு 10 மீட்டர் என்பது தேர்ந்த ஓட்டக்காரரின் பாய்ச்சல், அதுவே மணிக்கு 36 கி.மீ. ஒரே வேகத்தைச் சொல்லும்போது கி.மீ./மணி எண் பெரியது, மீ./வி. எண் சிறியது, எப்போதும் 3.6 மடங்கு. மாற்றிய பிறகு எந்த எண் பெரிதாகியிருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்தால் தலைகீழ்ப் பிழை மாட்டிக்கொள்ளும். அந்தப் பார்வைக்கு இரண்டு வினாடிகூட ஆகாது.

இன்னொரு செலவு, 18-ன் மடங்கு அல்லாத எண் வரும்போது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் 36 வினாடியில் எவ்வளவு தூரம்? 50 × 5/18 = 13.888… இதை 14 என்று முழுதாக்கினால் விடை 504 மீட்டர். 13.9 என்றால் 500.4. வகுக்காமல் பின்னமாகவே விட்டு, 50 × 5 × 36 ÷ 18 என்று போனால் சரியாக 500. இந்த வழியில் போகிறவர்கள் கடைசி வரி வரைக்கும் 18-ஐக் கீழேயே வைத்திருக்க வேண்டும்.

மைல், கடல் மைல், நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்று கேள்வி மாறினால் 5/18-க்கு அங்கே வேலையே இல்லை. இரண்டே இரண்டு அலகுகளுக்கு நடுவில் மட்டும் ஓடும் பாலம் அது.

## வழி 2: அலகையும் எழுதி அடித்துக்கொண்டே போவது

எண்ணோடு அலகையும் பின்னமாக எழுத வேண்டும். சமமான இரண்டு அளவுகளை மேலும் கீழுமாக வைத்தால் அந்தப் பின்னத்தின் மதிப்பு 1. ஒன்றால் பெருக்கினால் அளவு மாறாது, உடை மட்டும் மாறும்.

600 மீ./30 வி. × 3600 வி./1 மணி × 1 கி.மீ./1000 மீ.

மேலே ஒரு மீட்டர், கீழே ஒரு மீட்டர்: அடித்துவிடலாம். வினாடியும் அப்படியே. மிஞ்சுவது மேலே கி.மீ., கீழே மணி. எண்கள்: 600 × 3600 ÷ (30 × 1000) = 72.

எழுத அதிக இடம் பிடிக்கும். முதல் நாள் மாணவர்கள் முனகுவார்கள், நேரமும் இரண்டு மடங்காகும். ஆனாலும் ஐந்தில் எதை அடித்தளமாக வைத்துக்கொள்வது என்று கேட்டால் இதையே சொல்வேன். பின்னத்தைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள்:

72 கி.மீ./1 மணி × 3600 வி./1 மணி

மணி அடிபடவில்லை. கீழே ‘மணி × மணி’ என்று இரண்டு மணிகள் நிற்கின்றன, மேலே வேண்டாத ஒரு வினாடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேகத்துக்கு இப்படி ஓர் அலகு கிடையாது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பெருக்கத் தொடங்கும் முன்பே தவறு கண்ணில் பட்டுவிடுகிறது. என் முதல் அளவுகோலில் முழு மதிப்பெண் வாங்குவது இந்த வழி மட்டும்தான்.

புது அலகுக்கும் இது அசைந்து கொடுக்காது. ஒரு கடல் மைல் 1852 மீட்டர், ஒரு மைல் 1609.344 மீட்டர். ‘நாட்’ என்பது மணிக்கு ஒரு கடல் மைல். 20 நாட் வேகத்தில் போகும் கப்பல் வினாடிக்கு எத்தனை மீட்டர் நகரும்? 20 × 1852 மீ./1 மணி × 1 மணி/3600 வி. = சுமார் 10.3 மீ./வி. புதிதாக எதையும் மனப்பாடம் செய்யவில்லை, கடல் மைலின் அளவு மட்டும் தெரிந்தால் போதும். ஒளியாண்டும் அப்படித்தான். ஒளியின் வேகமான வினாடிக்கு 2,99,792.458 கி.மீ. என்று தொடங்கி, வினாடியை நிமிடமாக, மணியாக, நாளாக, ஆண்டாக மாற்றிக்கொண்டே போனால் சுமார் 9.46 லட்சம் கோடி கி.மீ. வந்து நிற்கும்.

முடுக்கம், அதாவது வேகம் மாறும் வீதம், வரும்போது இந்த இரண்டு வழிகளுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நின்றிருந்த ரயில் 40 வினாடியில் மணிக்கு 72 கி.மீ. வேகத்தை எட்டுகிறது. வினாடிக்கு 20 மீட்டர், 40 வினாடியில், முடுக்கம் 0.5 மீ./வி². இதே முடுக்கத்தை கி.மீ./மணி² என்ற அலகில் எழுதினால் 6480. இப்போது யாராவது பழக்கதோஷத்தில் 6480-ஐ 5/18-ஆல் பெருக்கினால் 1800 மீ./வி² என்று வரும். 0.5 எங்கே, 1800 எங்கே! அலகை எழுதிப் போட்டிருந்தால் கீழே மணி இரண்டு முறை இருப்பது தெரியும். 3600-ஆல் இரண்டு முறை வகுக்க வேண்டும் என்பதும் தெரியும்.

அலகில்லாமல் எண்ணை மட்டும் கை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு விண்வெளித் துறை பெரிய விலை கொடுத்திருக்கிறது. செவ்வாயைச் சுற்றிவர அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பர் 23 அன்று தொலைந்தது. தரையிலிருந்த ஒரு மென்பொருள், உந்து விசையின் கணக்கைப் பவுண்டு-விசை வினாடியில் தந்தது. அதை வாங்கிக்கொண்ட பக்கம் நியூட்டன் வினாடி என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு-விசை சுமார் 4.45 நியூட்டன். கலம் போக வேண்டிய உயரத்தைவிட மிகவும் தாழ்வாகச் செவ்வாயை நெருங்கிவிட்டது. எண்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன, பக்கத்தில் நிற்க வேண்டிய அலகுதான் சரிபார்க்கப்படவில்லை. ஒவ்வொரு ஆண்டும் இதை வகுப்பில் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் அந்தக் கலத்தில் உழைத்தவர்களை நினைத்து மனம் கனக்கும்.

இந்த வழியிலும் ஓட்டை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ‘1 மணி = 60 வினாடி’ என்று தவறாக எழுதினால் அலகுகள் அழகாக அடிபடும், விடை மட்டும் 60-ல் ஒரு பங்காகவோ 60 மடங்காகவோ போய்விடும். அலகு சரியாக வந்தால் பின்னங்கள் நிற்கும் திசை சரி என்று மட்டுமே பொருள், எண்ணுக்கு அது உத்தரவாதம் தராது. சூத்திரத்துக்கும் தராது. போகும்போது மணிக்கு 60 கி.மீ., அதே பாதையில் திரும்பும்போது 40 கி.மீ. என்றால் சராசரி 50 என்று எழுதுகிறவரின் அலகு சரிதான். சரியான விடை 48, ஏனென்றால் மெதுவாக வந்த பாதைக்கு அதிக நேரம் ஆகியிருக்கிறது.

## வழி 3: முதல் வரியிலேயே எல்லாவற்றையும் மீட்டர், வினாடிக்கு மாற்றிவிடுவது

இயற்பியல் ஆசிரியர்கள் விரும்பும் வழி. கேள்வியைப் படித்ததும் ‘தரவு’ என்று தலைப்புப் போட்டு, நீளம் எல்லாம் மீட்டரில், நேரம் எல்லாம் வினாடியில். அதன் பிறகு சூத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். நம் கணக்கில் தரவு ஏற்கெனவே மீட்டர், வினாடி என்பதால் 20 மீ./வி. உடனே வந்துவிடும், கடைசியில் மட்டும் 72-ஆக மாற்ற வேண்டும்.

விசை, ஆற்றல், ஈர்ப்பு முடுக்கம் எல்லாம் வரும் கணக்கில் இதை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி 5 மீ./வி² என்ற அளவில் வேகம் குறைந்து நிற்கிறது, எவ்வளவு தூரம் ஓடும்? வேகத்தின் வர்க்கத்தை முடுக்கத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 20 × 20 ÷ 10 = 40 மீட்டர். மாற்ற மறந்து 72-ஐ அப்படியே போட்டால் 518 மீட்டர். வர்க்கம் வருவதால் 3.6 மடங்குப் பிழை கிட்டத்தட்ட 13 மடங்காகிவிட்டது.

ஆனால் சாதாரணப் பயணக் கணக்குக்கு இது வீண் சுமை. 250 கி.மீ. தொலைவை 3 மணி 20 நிமிடத்தில் கடந்தால் வேகம் என்ன? இந்த வழியில் 2,50,000 மீட்டரை 12,000 வினாடியால் வகுத்து, 20.83 என்று முடியாத தசமத்தைப் பிடித்து, மறுபடி 3.6-ஆல் பெருக்க வேண்டும். 74.988 என்று வரும். நேராக 250-ஐ 10/3 மணியால் வகுத்தால் 75. போய்த் திரும்பி வந்த இரண்டு மாற்றங்களும் தேவையே இல்லை. ஒவ்வொரு மாற்றமும் ஒரு பிழைக்கு வாசல் திறக்கிறது என்பதால் வாசல்களைக் குறைப்பதே நல்லது.

## வழி 4: நிமிடத்தை நடுவில் நிறுத்துவது

மணிக்கும் வினாடிக்கும் நடுவில் நிமிடம் உட்கார்ந்திருக்கிறது, பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. மணிக்கு 60 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு ஒரு கி.மீ. இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மனக்கணக்கு தானாக ஓடும். 90 என்றால் ஒன்றரை, 45 என்றால் முக்கால், 72 என்றால் 1.2.

நம் கணக்கு: 30 வினாடி அரை நிமிடம். அரை நிமிடத்தில் 600 மீட்டர் என்றால் நிமிடத்தில் 1200 மீட்டர், அதாவது 1.2 கி.மீ. அறுபது நிமிடத்துக்கு 72 கி.மீ. பின்னமே இல்லை. ஒவ்வொரு வரியும் என்ன சொல்கிறது என்று புரிந்துகொண்டே போகலாம். 5/18-ல் திசை தடுமாறுகிறவர்களுக்கு நான் முதலில் தருவது இந்த மருந்தைத்தான்.

ஓட்டப் பயிற்சி செய்கிறவர்கள் வேகத்தைத் தலைகீழாகச் சொல்வார்கள்: ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம். அங்கே நிமிடம்தான் ராஜா. 60-ஐ அந்த நிமிடத்தால் வகுத்தால் கி.மீ./மணி கிடைக்கும். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்றால் மணிக்கு 10 கி.மீ., 5 நிமிடம் என்றால் 12. கெல்வின் கிப்டம் 2023 அக்டோபரில் சிகாகோவில் 42.195 கி.மீ. மாரத்தானை 2 மணி 35 வினாடியில் முடித்தார். மொத்தம் 7235 வினாடி. கிலோமீட்டருக்குச் சுமார் 2 நிமிடம் 51 வினாடி. மணிக்குக் கிட்டத்தட்ட 21 கி.மீ. இரண்டு மணி நேரம் விடாமல் அந்த வேகம்! கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம் என்று சொல்லும்போது எண் சின்னதாக இருந்தால்தான் வேகம் அதிகம். இதை மறந்தால் ஒப்பீடு முழுவதும் தலைகீழாகும்.

இந்த வழியின் பெரிய பள்ளம் தசமப் புள்ளி. 2 மணி 15 நிமிடத்தை 2.15 மணி என்று எழுதுவது நான் திருத்தும் தாள்களில் அதிகம் பார்க்கும் தவறு. அது 2.25. ஒரு மணி 20 நிமிடம் என்பது 1.2 இல்லை, 4/3. விடையிலும் இதே பள்ளம் காத்திருக்கும்: 2.4 மணி என்று வந்தால் 2 மணி 40 நிமிடம் என்று எழுதிவிடுவார்கள்; புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அறுபதால் பெருக்க வேண்டும், 0.4 × 60 = 24, ஆக 2 மணி 24 நிமிடம். மணியும் நிமிடமும் கலந்து வந்தால் ஒன்று முழுவதும் நிமிடமாக்குங்கள், அல்லது பின்னமாக வையுங்கள். தசமத்தை அங்கே கிட்டேயே சேர்க்க வேண்டாம்.

இன்னொன்று: ஒற்றை வினாடிகளில் கேள்வி வந்தால், உதாரணத்துக்கு 7 வினாடி, நிமிடமாக்குவதில் பயனில்லை. 60-ஐச் சரியாக வகுக்கும் 5, 10, 12, 15, 20, 30 போன்ற எண்கள் வரும்போதுதான் இது சுகம்.

## வழி 5: மாற்றாமலேயே விகிதத்தில் முடிப்பது

30 வினாடி ஒரு மணி நேரத்தில் 120 முறை வரும். ஆகவே 600 மீட்டரும் 120 முறை: 72,000 மீட்டர், 72 கி.மீ. நம் கணக்குக்கு இது போதும்.

ஆனால் இதன் உண்மையான அழகு வேறு வகைக் கேள்வியில். ‘வழக்கமான வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கு வேகத்தில் போனதால் 12 நிமிடம் தாமதம். வழக்கமாக எத்தனை நிமிடம் ஆகும்?’ தொலைவு தெரியாது, வேகம் தெரியாது, மாற்ற எந்த அலகும் இல்லை. ஒரே தொலைவுக்கு வேகம் 4/5 ஆனால் நேரம் 5/4 ஆகும். கூடிய கால் பங்குதான் அந்த 12 நிமிடம். வழக்கமான நேரம் 48 நிமிடம். முதல் வழியைப் பிடித்துக்கொண்டு இந்தக் கேள்வியில் நுழைகிறவர்கள் தொலைவுக்கு ஓர் எழுத்து, வேகத்துக்கு ஓர் எழுத்து என்று வைத்து அரைப் பக்கம் நிரப்புவதைப் பார்த்திருக்கிறேன்.

செலவு இரண்டு. நேர் விகிதமா எதிர் விகிதமா என்பது குழம்பினால் விடை கவிழும். விகிதத்தின் இரண்டு பக்கமும் ஒரே அலகில் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. மணிக்கு 54 கி.மீ., வினாடிக்கு 15 மீட்டர் என்று தந்தால் 54 : 15 என்று எழுதிவிடக் கூடாது. இரண்டும் ஒரே வேகம், விகிதம் 1 : 1.

## ஒரே பார்வையில்

| வழி | பிழை தானே தெரியுமா | நேரம் | புது அலகு வந்தால் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| 5/18 | தெரியாது | மிகக் குறைவு | உதவாது | தலைகீழ்ப் பின்னம், முடியாத தசமம் |
| அலகை எழுதி அடித்தல் | உடனே தெரியும் | அதிகம் | எதையும் தாங்கும் | மாற்று எண்ணே தவறானால் காட்டாது |
| முதலிலேயே மீட்டர், வினாடி | ஓரளவு | நடுத்தரம் | மாற்று எண் தெரிந்தால் சரி | பெரிய எண்கள், தேவையற்ற மாற்றம் |
| நிமிடத்தின் வழி | நன்றாகத் தெரியும் | குறைவு | ஓரளவு | 2 மணி 15 நிமிடம் 2.15 ஆகும் ஆபத்து |
| விகிதம் | ஓரளவு | மிகக் குறைவு | அலகே தேவையில்லை | நேர், எதிர் குழப்பம் |

## எனக்கு எது?

கேள்வியைப் படித்ததும் விடை எந்த அலகில் வேண்டும் என்பதை முதலில் தாளின் ஓரத்தில் எழுதுங்கள். வழியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த ஒரு சொல்தான். தரவும் விடையும் ஏற்கெனவே ஒத்துப்போனால் மாற்றவே வேண்டாம். மாற்றியே ஆக வேண்டும் என்ற அவசரத்தில், கி.மீ.-யிலும் மணியிலும் தந்து அதே அலகில் விடை கேட்ட கணக்கைக்கூட மீட்டருக்குக் கொண்டுபோய்த் திரும்ப வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போதுதான் பாடம் தொடங்குகிறவர் என்றால் இரண்டாவது வழியில் குறைந்தது ஐம்பது கணக்காவது போடுங்கள். 5/18-ஐ யாரும் சொல்லித்தர வேண்டாம். 1000-ம் 3600-ம் திரும்பத் திரும்ப வந்து, பிள்ளையே ஒரு நாள் ‘இதைச் சுருக்கிவிடலாமே’ என்று கேட்கும். அப்படிக் கிடைத்த 5/18 மறக்காது, மறந்தாலும் அரை நிமிடத்தில் திரும்பக் கட்டிவிடலாம்.

போட்டித் தேர்வு எழுதுகிறவருக்கு ரயில் கணக்கில் 18-ன் மடங்கு வந்தால் முதல் வழி, தாமதம், பங்கு, சதவீதம் வந்தால் ஐந்தாவது. மணியும் நிமிடமும் கலந்தால் நான்காவது. இந்த மூன்றும் கைக்குள் இருந்தால் பெரும்பாலான கேள்விகளை ஒரு நிமிடத்துக்குள் முடிக்கலாம். இரண்டாவதை முற்றாக மறந்துவிட வேண்டாம், விசித்திரமான அலகு வரும் ஒரே ஒரு கேள்விக்கு அது காத்திருக்கட்டும்.

இயற்பியல் படிக்கிறவர் மூன்றாவதை வழக்கமாக வைத்துக்கொண்டு, மாற்றும் வரியை மட்டும் இரண்டாவது முறையில் அலகோடு எழுதலாம். கப்பல், விமானம், விண்வெளி என்று போனால் இரண்டாவது மட்டும்தான்.

போனிலேயே மாற்றிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். சரிபார்க்கத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் எதிலிருந்து எதற்கு என்று நாம் தவறாகச் சொன்னால் அதுவும் 259.2 என்றே காட்டும், 2.15 மணி என்று கொடுத்தால் அதை நம்பித்தான் வகுக்கும்.

அலகுகள் கலந்து வரும் ஒரு கணக்கில் வழிகளையும் கலக்கலாம். 250 மீட்டர் ரயில் மணிக்கு 54 கி.மீ. வேகத்திலும், எதிரே 200 மீட்டர் ரயில் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்திலும் வருகின்றன. சந்தித்த கணத்திலிருந்து முழுவதும் விலக எவ்வளவு நேரம்? 54-ஐ மட்டும் குறுக்குவழியில் 15 ஆக்கினேன். எண் சிறிதாகியிருக்கிறது, திசை சரி. எதிரெதிர் என்பதால் 25 மீ./வி. தொலைவு 450 மீ. பிறகு அலகோடு: 450 மீ. ÷ 25 மீ./வி. மீட்டர் அடிபட்டு வினாடி மேலே வந்துவிட்டது. 18 வினாடி.

மாணவி அந்த 180 மீட்டர் ரயிலை மறுபடி போட்டாள். இந்த முறை நிமிடத்தின் வழியை எடுத்தாள். ‘72 கி.மீ./மணி, நிமிடத்துக்கு 1.2 கி.மீ., அதாவது 60 வினாடியில் 1200 மீ., ஒரு வினாடியில் 20 மீ.’ கீழே 180 மீ. ÷ 20 மீ./வி. என்று அலகோடு எழுதி, இரண்டு மீட்டரையும் சாய்கோடு போட்டு அடித்தாள். 9 வினாடி. பிறகு தானாகவே ஓரத்தில் 72 × 5/18 என்று எழுதிப் பார்த்து, 20 வந்ததும் அதன் கீழே இரண்டு கோடு போட்டாள்.